அடுத்த பிராசஸின் மெமரி: வாசகர் கேள்விகள்

விண்டோஸில் ஓடும் இன்னொரு நிரலின் (பிராசஸின்) மெமரியை, பைத்தானின் பைமெம் லைப்ரரி மூலம் படிக்கிறேன். நேற்று கண்டுபிடித்த முகவரியில் இன்று சம்பந்தமில்லாத எண் வருகிறது. லைப்ரரியில் கோளாறா?

லைப்ரரி பாவம், நீங்கள் சொன்ன இடத்தைத்தான் படிக்கிறது. பாதுகாப்புக்காக இயங்குதளமே மாட்யூல் (மெமரியில் ஏற்றப்பட்ட நிரல் கோப்பு), ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி), ஸ்டேக் (ஃபங்ஷன்களின் தற்காலிக இடம்) எல்லாவற்றையும் இடம் மாற்றி மாற்றி வைக்கிறது. எனவே முழு முகவரியைக் குறித்து வைப்பதில் பயனில்லை. மாட்யூலின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கம் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 400000, தேடியது 412350 என்றால் தூரம் 12350. நிரல் அப்டேட் ஆகும்வரை அது மாறாது.

தேடும் மதிப்பு ஹீப்பில் இருந்தால் இது மட்டும் போதாது. மாட்யூலுக்குள் இருக்கும் ஒரு பாயிண்டரை (இன்னோர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மதிப்பை) படித்து, அதோடு ஆஃப்செட்டை, அதாவது அங்கிருந்து உள்ள தூரத்தை, கூட்டி, அங்கிருப்பதைப் படித்து என்று சங்கிலியாகப் போக வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: 64 பிட் நிரலில் பாயிண்டர் 8 பைட். பழக்கதோஷத்தில் 4 பைட் படித்தால் கிடைப்பது பாதி முகவரி.

பிழை எண் 5 வருகிறதே?

அனுமதி மறுப்பு. அந்த நிரல் அட்மினாக ஓடினால் உங்களுடையதும் அப்படியே ஓட வேண்டும். விண்டோஸ் தனியாகப் பாதுகாக்கும் பிராசஸ்களிடம் அட்மின் பாச்சாவும் பலிக்காது.

299?

கேட்ட பரப்பில் ஒரு பகுதியைத்தான் படிக்க முடிந்தது. பெரும்பாலும் நடுவில் மெமரி ஒதுக்கப்படாத பக்கம் ஒன்று இருக்கும். விர்ச்சுவல்குவரிஎக்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் எங்கெங்கே மெமரி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, துண்டு துண்டாகப் படியுங்கள்.

100 என்று எழுதினேன், பக்கத்திலிருந்த இன்னொரு மதிப்பு பூஜ்யமாகிவிட்டது.

அந்த இடம் 2 பைட்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் 4 பைட் முழு எண்ணாக எழுதினால் மெமரிக்குள் போவது 64 00 00 00 (100 என்பது ஹெக்ஸில் 64; சிறிய பைட் முதலில் வரும்). முதல் இரண்டும் உரிய இடத்தில் விழும், பின்னால் வரும் இரண்டு பூஜ்யங்களும் பக்கத்து வீட்டில். எழுதும் முன் அளவைச் சரிபாருங்கள்.

லினக்ஸில் என்ன வழி?

லினக்ஸின் மையமான கெர்னலில் 3.2 பதிப்பு முதல் இதற்கென்றே சிஸ்டம் கால்கள் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிகள்) உண்டு. உபுண்டுவில் ரூட் (அட்மின்) அனுமதி இல்லாமல் ஓடினால் நீங்களே தொடங்கிய வேறொரு பிராசஸைப் படிக்கக்கூட அனுமதி கிடைக்காமல் போகலாம். யார் யாருடைய மெமரியைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் பிடிரேஸ் ஸ்கோப் என்ற அமைப்பு 1 என்றிருப்பதால், சாதாரணமாக ஒரு நிரல் தான் தொடங்கிய சேய் பிராசஸ்களை மட்டுமே தொடலாம். சோதிக்கும் நிரலை உங்கள் நிரலே தொடங்கிவிட்டால் அந்த அமைப்பில் கைவைக்கத் தேவையில்லை.

இப்படி மெமரியை மாற்றி ஆன்லைன் விளையாட்டில் நாணயத்தை ஏற்றலாமா?

நாணயத்தின் உண்மையான எண்ணிக்கை இருப்பது சர்வரில். உங்கள் திரையில் எண் மாறும், கூடவே உங்கள் விளையாட்டுக் கணக்கும் முடக்கப்படலாம்.