கோல்ஃப் கிளப்ஹவுஸ் வெளித்தளம்: டபிள்யூபிசி பலகையா, கிரானைட்டா?

ஃபிளேம் ஃபினிஷ் (தீயால சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கின) கிரானைட் போடுங்க, வெளிர் நிறத்துல; கறுப்புன்னா கால் பொரியும். வேலூர் வெயில்ல டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை நீளும், இடைவெளி விடாமப் பொருத்தினா முட்டிக்கிட்டுத் தூக்கும். கமிட்டி பலகைதான் வேணும்னு அடம் பிடிச்சா, ஈரத்துல எடுத்த பெண்டுலம் டெஸ்ட் (தரை எவ்வளவு வழுக்கும்னு அளக்கிற சோதனை) ரிப்போர்ட் கேளுங்க. அதுல வர்ற மதிப்பு 36-க்குக் கீழன்னா வேணாம்.

இப்ப இருக்கிற பாலிஷ் கல் மழையில வழுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. பாலிஷ் மட்டுமில்ல, தரை கழுவுற சோப்புத்தூளும் காரணமா இருக்கலாம். சரியா அலசாம விட்டா மெல்லிசா படலம் தங்கும். ஒரு மூலையை மட்டும் வெறும் தண்ணியால தேய்ச்சு அலசுங்க. காஞ்சதும் திரும்ப நனைச்சு, கோல்ஃப் ஷூ போட்டு, எதையாவது பிடிச்சுக்கிட்டு நடந்து பாருங்க. (விழுந்துட்டு என்னைத் திட்டாதீங்க.)

ஃபிளேம் கல்லுல அழுக்கு ஏறும், மாப்புக்குப் போகாது, பிரஷ்தான். ஐப்பசி மழையில பாசி பிடிச்சா அதுவும் வழுக்கும்.