வாசகர் கேள்வி: இரவுச் சோற்றை நிறுத்தியும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 42. அலுவலகத்தில் இருந்தபடியே வேலை செய்கிறேன். எடை கூடியதால் இரவில் சோற்றை விட்டுப் பிட்டும் இடியப்பமும் உண்கிறேன். ஆறு மாதமாகியும் மாற்றமில்லை. குரக்கனுக்கு மாறலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பிட்டும் இடியப்பமும் சோற்றைப் போலவே மாச்சத்துத்தான், பிட்டில் தேங்காய்ப்பூவும் சேர்வதால், அளவு குறையாதவரை எடையும் குறையாது. குரக்கனில் நார்ச்சத்து உண்டென்றாலும், நீத்துப்பெட்டி நிறைய அவித்து உண்டால் பயன் சிறிதே.

நீங்கள் எழுதாமல் விட்டது தேநீரை. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்று வைத்தால், 40 முதல் 50 கிராம் வரை அதிலேயே சேர்ந்துவிடும். 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் உச்ச அளவே 50 கிராம்; 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நல்லது. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துவந்தால் நாக்குப் பழகிவிடும்.

மதியத் தட்டில் பாதியை முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, கத்தரிக்காய் போன்றவற்றுக்கு ஒதுக்கி, கால்பங்கில் தவிட்டோடு கூடிய சிவப்பரிசிச் சோற்றையும், மிகுதியில் பருப்பையோ குளத்து மீனையோ வையுங்கள். மீனைப் பொரிக்காமல், பால் குறைத்த சொதியாக வைப்பது போதும்.

தாகமும் களைப்பும் மிகுந்திருந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையில் குருதிச் சீனியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.