முதலில் காருக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் 2011இல் புதிதாக வாங்கிய ஆல்டோ, இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவர் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அம்மாவை மாதம் இரண்டு தடவை குன்னூர் ஆஸ்பத்திரிக்கும், எப்போதாவது மேட்டுப்பாளையத்துக்கும் கூட்டிப்போவேன். மற்றபடி கடைவீதி வரைதான். சில நாட்களாகப் புகை வருகிறது. மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ரிங்கும் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், 42,000 ரூபாய் ஆகும் என்கிறார். காரே 80,000தான் போகும், அதற்கு இவ்வளவு செலவா, லோன் போட்டுப் புதுசு எடு என்கிறான் தம்பி. 15 வருடம் ஆனால் உடைக்கத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியமும் அரை ஏக்கர் தேயிலையும்தான் வருமானம். அவர் ஓட்டிய வண்டி, விற்க மனம் வரவில்லை. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முதலில் தள்ளிவைத்துவிடலாம். டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்துக்கும் வந்தது. நம் ஊரில் 15 வருடம் முடிந்த சொந்த வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்டி, எஃப்சி என்னும் தகுதிச் சோதனை பார்த்து, ஆர்சியை 5 வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. 20 வருடம் தாண்டிய காருக்கு இப்போது 10,000 ரூபாய்.

தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் 42,000த்தை 80,000த்தோடு வைத்துப் பார்ப்பது சரியான கணக்கு இல்லை. வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது விற்கும்போது மட்டும் பார்க்க வேண்டியது. வைத்து ஓட்டப்போகிறவர், இந்த வண்டி இல்லாமல் போனால் அதன் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல விஷயம்தான். என்றாலும் 5 லட்சம் லோனை 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 10,400 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஒரு வருடத் தவணையே 1,24,000க்கு மேல். பச்சைத் தேயிலை விலை இருக்கிற இருப்பில், ஓய்வூதியத்திலிருந்து அதை எடுத்துக் கட்டுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம், உங்கள் இன்ஜின் உண்மையிலேயே அவ்வளவு கெட்டிருக்கிறதா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். குன்னூரில் 20 வருடத்துக்கு மேல் பட்டறை நடத்தியவன் நான். ஆயில் மூடிக்கு அடியில் அந்த வெள்ளை ஆடையை, குளிர்காலத்தில் நம் மலையில் ஓடும் வண்டிகளில் பாதிக்குப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போய் இரண்டு கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த மூடியில் நீராகப் படிந்து, ஆயிலோடு கலந்து வெளுத்துவிடும். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால், அந்த ஆடையோடு நிற்காது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் அதிலும் ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போகும். ஸ்டார்ட் செய்த நிலையில் ரேடியேட்டரில் குமிழி வரும். இது எதுவும் இல்லை என்றால், ஒரு நாள் குன்னூர் போய்த் திரும்பிய பிறகு மூடியைத் துடைத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி திறந்து பாருங்கள்.

புகையில் நிறத்தைப் பாருங்கள். காலையில் வெள்ளையாக வந்து, வண்டி சூடானதும் நின்றுவிட்டால் அது நீராவி. நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. நீலப்புகை எப்போது வருகிறது என்பதில்தான் உங்கள் 42,000 இருக்கிறது. நாம் இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குகிறோம். அப்போது இன்ஜின் உள்பக்கமாகப் பலமாக உறிஞ்சும். வயதாகி ரப்பர் கெட்டித்துப்போன வால்வு சீல் வழியே ஆயில் கசிந்து உள்ளே போகும். இறக்கம் முடிந்து மறுபடி மிதிக்கிறபோது குப்பென்று ஒரு நீலப்புகை வந்து நின்றுவிடும். அப்படியென்றால் வால்வு சீல் மட்டும் மாற்றினால் போதும். இன்ஜினை இறக்கிச் செய்யும் செலவில் கால்வாசிகூட வராது. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் நீலப்புகை வந்தால்தான் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர், அரை மணி நேர வேலை. அளவு குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்து, அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. இதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்க யாருக்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், வண்டியை வைத்துக்கொள்வதா என்பதை இன்ஜினை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தடவை நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒருவருடைய பழைய வேனுக்குப் பெரிய இன்ஜின் வேலையை முடித்து, கடைசியில் டயர் கழற்ற ஜாக்கி வைத்தேன். வண்டி மேலே வரவில்லை, ஜாக்கி தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. அந்த மனிதர் கடன் வாங்கிக் கொண்டுவந்த பணம் அது. அடியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியது என் குற்றம். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இன்ஜினுக்கு எப்போதும் பார்ட்ஸ் கிடைக்கும். உளுத்த பாடிக்கு ஒட்டுப்போடத்தான் முடியும். நம் வீடுகள் ரோட்டுக்குக் கீழே படி இறங்கிப் போகிற மாதிரி இருப்பதால் கார் மேலே திறந்த வெளியில்தான் நிற்கிறது. மழையும் மூடுபனியும் போதாதென்று சில்வர் ஓக் இலை வேறு விழுந்து, கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடும். அதனால் லிஃப்டோ, கீழே இறங்கி நின்று பார்க்கும் பள்ளமான பிட்டோ இருக்கும் இடத்தில் வண்டியை ஏற்றச் சொல்லி, டார்ச்சோடு நீங்களே கூட நின்று பாருங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், முன் சக்கரத்தின் ஆர்ம் பாடியில் சேரும் இடம், பின்னால் ஷாக் அப்சார்பர் பிடித்திருக்கும் இடம், உள்ளே விரித்திருக்கும் கால்மிதியைத் தூக்கினால் தெரியும் தரை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போகட்டும். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மொத்தென்று இருக்கும் இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். மேல்துரு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சக்கரம் பிடித்திருக்கும் இடத்தில் முனை உள்ளே போனால், இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல், இருக்கிற நிலையைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

அடி உறுதியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் செலவு புகைக்கு வேண்டாம், பிரேக்குக்குச் செய்யுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறங்குகிறோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ஆயிலில் அந்த ஈரம் இறக்கத்தின் சூட்டில் ஆவியாகிவிட்டால் பெடல் பொதபொதவென்று உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். பிரேக் பைப்பில் துரு இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

தம்பி பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உங்கள் காரில் ஏர்பேக் இல்லை, அழுத்தி பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம், 2022லிருந்து முன்னால் உட்காரும் இருவருக்கும் ஏர்பேக் கட்டாயம். மாற்ற நேர்ந்தால் 2022க்குப் பிந்திய பழைய காராகத் தேடுங்கள். புதுசுதான் வேண்டும் என்றில்லை. இப்போது தவணைக்குப் போகாமல் மிஞ்சுவதில் மாதம் 3,000 ஒதுக்க முடிந்தால், மூன்று வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் சேரும். கடன் அந்த அளவுக்குக் குறையும்.

வைத்துக்கொண்டாலும் விற்றாலும் ஆர்சி உங்கள் பெயருக்கு வந்தாக வேண்டும். உரிமையாளர் இறந்தால் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம்தான் அவகாசம். தாமதமாகிவிட்டது, பரவாயில்லை, இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஊட்டி ஆர்டிஓ ஆபீசுக்கு இந்த மாதமே போய்விடுங்கள். இன்சூரன்ஸையும் மாற்றுங்கள். இறந்தவர் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைந்து தீராது.

அவர் ஓட்டிய வண்டி என்று வைத்துக்கொள்ள நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அவர் அதை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார், 15 வருடம் ஓடியிருக்கிறதே. அடி உளுத்திருந்தால் மட்டும் அந்த நினைப்புக்காக அம்மாவை அதில் உட்கார வைக்காதீர்கள்.

பிட்டில் ஏற்றிப் பார்த்ததும் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். பிரேக் பார்த்து முடியும் வரை மேட்டுப்பாளையத்துக்கு மட்டும் பஸ்ஸில் போய் வாருங்கள்.