பைபரியில் இரண்டு மணி நேரம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எதைப் பார்ப்பது?

வணக்கம். இங்கிலாந்தின் பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்னும் பழைய கல்வீட்டு வரிசையிலுள்ள வீடுகளுக்குள் செல்ல இயலுமா, மேடேற முடியாத தங்கள் அம்மாவுக்கு வேறு என்ன காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். அவ்வீடுகளில் மக்கள் குடியிருப்பதால் உள்ளே செல்ல இயலாது. வாசலையும் சன்னலையும் நெருங்கிப் படமெடுப்பதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

கோல்ன் ஆற்றங்கரைச் சாலையிலிருந்தே அந்த வரிசை முழுவதும் தெரியும் என்பதால் அம்மா மேடேற வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளி சேமிக்கும் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்ட கட்டடம் அது. கூரையைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள்: இறவாரத்தில் பெரிதாகத் தொடங்கும் கல் ஓடுகள் முகடு நோக்கிச் செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போகும், கனமான கற்களைச் சுவர் தாங்கும் இடத்திற்கு அருகில் வைக்கும் அந்த வட்டாரக் கைத்திறன் அது. எதிரே உள்ள ஈரப் புல்வெளியான ராக் ஐல், நெய்த கம்பளித் துணிகளைச் சட்டங்களில் விரித்து உலர்த்திய இடம்.

எஞ்சிய நேரத்தைப் புனித மரியாள் தேவாலயத்திற்கு ஒதுக்குங்கள். பேருந்தில் வருவோர் பலர் அதைப் பாராமலே திரும்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முந்தைய சாக்சன் காலக் கட்டுமானம் அதில் இன்றும் நிற்கிறது. அம்மா உள்ளே அமர்ந்து இளைப்பாறலாம். கோடையில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அதிகாலையிலேயே புறப்படுங்கள்.