சர்வர் ஓடுகிறது, ஆனால் கிளையன்ட் இணைய மறுக்கிறது. ஏன்?

லினக்ஸில் சி மொழியில் எழுதிய உங்கள் சர்வர் பிழை எதுவும் காட்டாமல் ஓடுகிறது, இணையப் போனால் மட்டும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வருகிறது என்கிறீர்கள். ஆய்வகப் பயிற்சிக்காக எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே இடத்தில் மூன்று நாள் தவித்தவன் நான்.

சர்வரை ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் ‘எஸ்எஸ்’ கட்டளையை ‘மைனஸ் எல்டிஎன்’ சேர்த்துக் கொடுங்கள் (ss -ltn). சர்வர் எந்தப் போர்ட்டில், அதாவது கணினியின் எந்த வாசல் எண்ணில், காத்திருக்கிறது என்று அது காட்டும். நிரலில் நீங்கள் எழுதிய எண்ணை நம்ப வேண்டாம்.

எனக்கு நடந்தது 2023 மே மாதம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாவின் விசைப்படகு பாம்பன் கரையில் நின்றது. கல்லூரி ஆய்வகத்தில் நன்றாக ஓடிய சர்வரை வீட்டில் ஓட்டி, நெட்கேட் என்ற இணைப்புச் சோதனைக் கருவி மூலம் போர்ட் 8080-க்கு இணைந்து பார்த்தேன். மறுத்தது. உப்புக்காற்றில் லேப்டாப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதுவும் பஸ்ஸில், நின்றுகொண்டே. 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் நின்றுபோன ரயில் போக்குவரத்து 2025 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. புதிய பாலத்தைப் படமெடுத்துப் போட்டவர்கள் ஏராளம். மருத்துவமனைக்குப் போக மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த எங்கள் ஊர்க் கிழவிகளைப் பற்றி யார் எழுதினார்கள்? இது உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாததுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைக்காரர் லேப்டாப்பில் குறையே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அன்றிரவுதான் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். 8080 இல்லை, 36895 என்று இருந்தது. எண்ணின் பைட்டுகளை நெட்வொர்க் எதிர்பார்க்கும் வரிசைக்கு மாற்றும் ‘எச்டிஓஎன்எஸ்’ (htons) வழியாகப் போர்ட் எண்ணை அனுப்ப மறந்திருக்கிறேன். 8080 பதினாறடிமானத்தில் 1எஃப்90. இன்டெல் கணினி எண்ணின் கடைசி பைட்டை (இங்கே 90) முதலில் வைக்கும், நெட்வொர்க் முன்பக்க பைட்டை (1எஃப்) முதலில் எதிர்பார்க்கும். ஆகவே அது 901எஃப் ஆகிவிட்டது, அதாவது 36895.

ஆய்வகத்தில் எப்படி ஓடியது? கிளையன்டிலும் அதே வரி விடுபட்டிருந்தது! இரண்டும் 36895-லேயே சந்தித்துக்கொண்டன. எங்களுக்குக் கொடுத்த மாதிரி நிரலே அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்து எழுதிய ரெக்கார்டு நோட்டுக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது: “ஜிபிஎஸ்ஸில் வடக்கு 9, கிழக்கு 79 என்பதை இரண்டு படகுக்காரரும் மாற்றியே எழுதிக்கொண்டால் தங்களுக்குள் குழப்பம் வராது. மூன்றாவது ஆளிடம் கொடுத்தால்தானே தெரியும்.”

இணைப்புகளை வடிகட்டும் பயர்வாலும் இப்படி மறுக்கலாமே என்று சிலர் வருவார்கள். மறுக்கலாம்தான், ஆனால் ஒரே கணினிக்குள் சோதிக்கும் தொடக்கநிலையாளருக்கு அது முதல் சந்தேகமாக இருக்கக் கூடாது. போர்ட் சரியாக இருந்தால் பக்கத்திலுள்ள முகவரியைப் பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் வேறு கணினியிலிருந்து இணைய முடியாது, 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று இருக்க வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் மறுத்தால், அந்தக் கட்டளை காட்டும் வரியை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.