பள்ளியில் சக பிள்ளைகள் சீண்டினால் சின்னக் குழந்தைக்கு எப்படி உதவுவது?

ஒன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகளைக் கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், விளையாட்டில் சேர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிஸ்ஸிடம் சொன்னால், "குழந்தைங்கதானே, தானா சரியாயிடும்" என்கிறாராம். திருப்பி அடிக்கச் சொல்லலாமா, பள்ளியையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு நாளாக இந்தக் கேள்வியைத் திறந்து திறந்து மூடினேன். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, "பிள்ளையைத் தைரியமாக வளருங்கள்" என்கின்றன. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மனநல மருத்துவர் இல்லை, ஆசிரியையும் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இந்த விஷயத்தில் ஒரு வருடம் அடிபட்ட அம்மா, அவ்வளவுதான்.

என் மகன் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அவனுக்கு 7 வயது. ஜூலை முடிவதற்குள் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்ப ஆரம்பித்தது. காலையில் நான் எந்த அளவுக்கு ஊற்றினேனோ அதே அளவு. "ஒரு வாய்கூடக் குடிக்கலையா, நாள் முழுக்க என்ன பண்ணினே?" என்று தினமும் திட்டுவேன். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நீங்களும் வேலைக்குப் போகிறவராக இருந்தால், வீடு வந்ததும் சமையல், வீட்டுப்பாடம், மறுநாள் யூனிஃபார்ம் என்று ஓடுவதில் இதெல்லாம் கண்ணில் பட்டும் மனதில் ஏறாது. உங்கள் மகள் விஷயத்திலும் இப்படி ஏதாவது ஒன்று தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். மூடி திறக்காத டப்பாவாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வரும் வயிற்றுவலியாக இருக்கலாம்.

வேன் நிற்கும் இடத்தில் ஒரு நாள் பெரிய பையன் ஒருவன் இவனை ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதை என் கணவர் கேட்டார். அந்தப் பெயரை இங்கே எழுத மனசில்லை. பள்ளி திறந்த புதிதில் பாத்ரூம் வரிசையில் நிற்கும்போதே இவன் டிரவுசரை நனைத்திருக்கிறான். அதை வைத்து வந்த பெயர். அன்றிரவு என் கணவர் அவனை மடியில் உட்காரவைத்து, "ஆம்பளப் புள்ள நீ, ஒருத்தன் ஒண்ணு குடுத்தா நீ ரெண்டு குடு" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். யார் அது, எத்தனை பேர், பெயர் என்ன என்று நான் கேட்கக் கேட்க அவன் சுருங்கிக்கொண்டே போனான்.

ஒன்பது நாள் கழித்து டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். வேனில் ஒரு யு.கே.ஜி. பெண் குழந்தையை அவன் அடித்துவிட்டான். தண்ணீர் நிறைந்திருந்த அதே பாட்டிலால். குழந்தையின் நெற்றி வீங்கிவிட்டது. சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். பாட்டி கதவைத் திறந்தார். என் மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அந்தக் குழந்தை ஓடி உள்ளே ஒளிந்துகொண்டது. என் பிள்ளையைப் பார்த்து ஒரு குழந்தை பயந்து ஒளிந்ததை நான் பார்த்தேன். "திருப்பி அடி" என்று சொன்னோம், அவனால் யாரை அடிக்க முடியுமோ அவர்களை அடித்தான். அவனைச் சீண்டிய ஐந்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேரை 7 வயதுக் குழந்தை எப்படித் திருப்பி அடிக்கும்? உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

"நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள் என்று தெரியும். நானும் அரசுப் பள்ளியில் அடி வாங்கி, அடி கொடுத்து வளர்ந்தவள்தான். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு மறுநாள் ஒரே டப்பாவில் சாப்பிடுவது வேறு, இது வேறு. ஒரே பிள்ளையை, அதைவிடப் பலம் கூடியவர்கள், திரும்பத் திரும்பத் தேடிப் போய்த் துன்புறுத்துவது. நார்வேயில் டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் பேராசிரியர் பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு சொன்ன இலக்கணமும் இதுதான். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. அங்கே மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 1983-இல் நாடு முழுக்க இதற்காகவே பள்ளிகளில் ஒரு இயக்கம் நடத்தினார்கள். பிள்ளையின் தைரியத்தை மட்டும் நம்பி விடவில்லை. இடைவேளை நேரத்தில் பெரியவர்கள் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை அவருடைய திட்டத்தில் இருக்கிறது.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அதற்கு முன்னால் செப்டம்பரில் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதான். குழந்தைகள் டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், கிருமித் தொற்று என்று வந்தது. மாத்திரை எழுதிக்கொண்டே நிமிர்ந்து அவனைப் பார்த்து, "ஸ்கூல்ல பாத்ரூம் போவியா தங்கம்?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "போக மாட்டேன்" என்றான். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிவைத்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தொற்று வருவது சகஜம் என்றும், பாத்ரூமில் என்ன பிரச்சினை என்று பாருங்கள் என்றும் சொன்னார். அவர் "யார்" என்று கேட்கவில்லை, இடத்தைப் பற்றிக் கேட்டார். நான் இரண்டு மாதம் கேட்டுக் கிடைக்காத பதில் அவருக்கு ஒரே நிமிடத்தில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். "உன் ஸ்கூலை எனக்கு வரைஞ்சு காட்டு" என்றேன். வராந்தா முழுக்க வரைந்தான். கேட், மைதானம், வகுப்பு, தண்ணீர்க் குழாய், மாடிப்படி. "இதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?" வேப்பமரத்தடியில் ஒரு நட்சத்திரம் போட்டான். "எங்க போனா வயிறு கலங்கும்?" கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமில் பெருக்கல் குறி போட்டான். வேனின் கடைசி சீட்டில் இன்னொன்று. "அங்க லைட் சுவிட்ச் வெளியில இருக்குதும்மா" என்றான். அந்த ஒரு வரியில் எல்லாம் புரிந்துவிட்டது. இவன் உள்ளே போனதும் விளக்கை அணைத்துவிட்டுக் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். மணி அடிக்கும்வரை. ஒரு தடவை இல்லை, எத்தனை தடவை என்று அவனுக்கே எண்ணிக்கை தெரியவில்லை.

நான் அன்று செய்த ஒரே சரியான காரியம், உடனே பள்ளிக்கு ஓடாமல், "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன்னைக் கேக்காம நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று சொன்னது. அவனுக்கு ஒரே பயம், நான் பெயர் சொல்லிச் சண்டை போட்டால் மறுநாள் என்ன ஆகும் என்பது. அந்தப் பயத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கூடப் படித்தவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்த பிளஸ் டூ மாணவன், கடைசியில் வாய் திறந்து புகார் கொடுத்தான். அன்றிரவே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. அது பெரிய பிள்ளைகள் விஷயம், சாதி விஷயம், என் மகனுக்கு நடந்ததோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு செய்த பிறகுதான் மற்றதெல்லாம் என்பது ஆறு வயதுக்கும் பொருந்தும்.

பள்ளிக்கு ஒரு புதன்கிழமை போனேன். (சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள், கணக்கு எழுதுகிறவளுக்கு அசைய முடியாது.) கோஆர்டினேட்டர் மேடம், "எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் கிடையாது, வேற பேரண்ட்ஸ் யாரும் சொல்லலையே" என்றார். நான் வாயால் பேசவே இல்லை. எழுதிக் கொண்டுபோன கடிதத்தைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்டேன். பாட்டில் நிறைந்து வந்த நாட்கள், பரிசோதனை முடிவு, டாக்டர் சீட்டின் நகல் எல்லாம் அதில் வைத்திருந்தேன். யார் பெயரும் இல்லை. கேட்டது மூன்றுதான். இடைவேளை நேரத்தில் அந்த பாத்ரூம் வாசலில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். வேனில் அவனுக்கு முன் சீட்டு தர வேண்டும். விசாரணை என்று அவனையும் மற்றவர்களையும் ஒரே அறையில் நிறுத்தி "ஸாரி சொல்லு, கை குடு" என்று முடிக்கக் கூடாது. கடிதத்தைப் பார்த்ததும் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆண்டு விழா நடனத்துக்கு சூரியகாந்திப் பூ டிரஸ், 1,400 ரூபாய், வெள்ளிக்குள் கட்ட வேண்டும். மூன்று நிமிடம் மேடையில் போட்டுவிட்டு வாழ்நாளில் மறுபடி போடாத டிரஸ். எங்கள் கம்பெனியில் தைக்கிற அக்காக்கள் அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள், எத்தனை ஷிஃப்ட் உழைத்தால் அந்தக் காசு என்று எனக்குத் தெரியும், சம்பளக் கணக்கு எழுதுவதே நான்தான். அந்தத் துணியின் அடக்க விலையும் எனக்குத் தெரியும். பாத்ரூம் வாசலில் ஆள் நிறுத்த யோசிக்கிறவர்கள் இதற்கு ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு விஷயத்தைத் தீர்த்துவைத்தது ஒரு ஆயாம்மா. கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் அவருக்கு அங்கே ஒரு ஸ்டூல் போட்டார்கள். நான் போய்ப் பார்த்து நன்றி சொன்னபோது, "நான் பாத்துக்கறனுங்க கண்ணு, நீங்க வேலைக்குப் போங்க" என்றார். அந்தப் பையன்களில் இரண்டு பேரை அவருக்கே தெரிந்திருக்கிறது, அவராகவே பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று பேரின் பெயரையும் என் மகன் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டப்பெயர் போக மட்டும் அடுத்த ஜூன் வரை ஆனது. பாட்டில் காலியாக வர ஒன்றரை மாதம். பெரியவர் ஒருவர் நின்றதும் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். சேர்த்துக்கொள்ளாமல் விடுவதும் அடிதான், அடையாளம் தெரியாத அடி. அதுவும் ஏதோ ஒரு இடத்தில், ஒரு நேரத்தில்தான் நடக்கும். பெரும்பாலும் சாப்பாட்டு இடைவேளையாக இருக்கும், அல்லது "ஜோடி சேருங்க" என்று மிஸ் சொல்லும் நேரம். அதைக் கண்டுபிடியுங்கள். ஜோடியைப் பிள்ளைகளிடம் விடாமல் மிஸ்ஸே சேர்த்துவிடச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லாருமே உங்கள் மகளுக்கு எதிரி இல்லை, பலர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கிவா என்ற பள்ளித் திட்டம் இந்த வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத்தான் முதலில் குறிவைக்கிறது. அவர்கள் சிரிப்பதை நிறுத்தினால் சீண்டுகிற பிள்ளைக்கு மவுசு போய்விடும். அப்படிப்பட்ட ஒரு குழந்தையை, ஒரே ஒரு குழந்தையை, சனி ஞாயிறில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தோசை ஊற்றிக் கொடுங்கள். திங்கட்கிழமை உங்கள் மகளுக்கு அந்த வகுப்பில் ஒரு ஆள் இருக்கும். நான் இதைத் தாமதமாகத்தான் செய்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பள்ளியை மாற்றுவது பற்றி: மாற்றுவது தோல்வி என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் கொடுத்தும் ஒரு மாதம் அசையவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், யார் என்ன சொன்னாலும். அதற்கு முன்னால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும், குழந்தைகள் உதவி எண் 1098-லும் பேசலாம். இரண்டுக்கும் காசு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆவது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதை ஆசிரியர்கள் அடிக்கும்போதுதான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள், ஆனால் கடிதத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள், படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்றைக்கு மகள் வந்ததும் யார் என்று கேட்க வேண்டாம். சாக்பீஸ் கொடுங்கள். வரைய மாட்டேன் என்றால் சொப்புச் சாமான்களை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டச் சொல்லுங்கள். கடிதம் எழுத வேண்டிவந்தால் கீழே கேளுங்கள், நான் கொடுத்ததன் நகல் இருக்கிறது, பள்ளிப் பெயரை அழித்துவிட்டு அப்படியே போடுகிறேன்.