நட்புக் கதையில் சண்டை எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: 25 நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். கவிதா, ரேவதி என இரண்டு தோழிகள். கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார்கள், வேலையும் ஒரே அலுவலகத்தில். கவிதாவுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. சக ஊழியர் ஒருவர் கோள் மூட்ட, ரேவதி சண்டை போட்டு வீட்டைக் காலி செய்கிறாள். கடைசியில் விபத்து, மருத்துவமனை, சமாதானம். படித்தவர்கள் எல்லாரும் "நெருங்கிய தோழிகள் என்றே தோன்றவில்லை, சண்டையும் ஒட்டவில்லை" என்கிறார்கள். எங்கே தவறு? திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெண்களின் நட்பை நடுவில் வைத்து எடுத்த படங்கள் தமிழில் இன்னும் குறைவு. அதனால் உங்கள் கதை நன்றாக வர வேண்டும் என்ற அக்கறையோடுதான் இதை எழுதுகிறோம்.

முதல் 5 பக்கமும் மாண்டேஜ், அதாவது அடுக்கடுக்காக வந்துபோகும் துணுக்குக் காட்சிகள். இருவரும் வண்டியில் போகிறார்கள், மழையில் நனைகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். இதில் கவிதாவை எடுத்துவிட்டு வேறு யாரை வைத்தாலும் ஒரு ஷாட்கூட மாறாது. சந்தோஷமாக இருக்கும் இரண்டு பேர் தெரிகிறார்களே தவிர, கவிதாவும் ரேவதியும் தெரியவில்லை. ஒருத்தியைப் பற்றி இன்னொருத்திக்கு மட்டும் என்ன தெரியும் என்பதில்தான் நெருக்கம் புலப்படும். நட்பைக் கட்டுவது அந்த அறிவுதான். சண்டை வரும்போது ஆயுதமாவதும் அதேதான். உங்கள் கதையில் அது எங்கேயும் இல்லை. அதனால்தான் முன்பாதியும் ஒட்டவில்லை, சண்டையும் ஒட்டவில்லை. இரண்டும் ஒரே குறை.

'தில் சாஹ்தா ஹை' (2001) படத்தைத் திரும்பப் பாருங்கள். தன்னைவிட வயதில் மூத்த ஒரு பெண்ணைக் காதலிப்பதாக சித் நண்பர்களிடம் மனம்விட்டுச் சொல்கிறான். ஆகாஷ் அதைக் கொச்சையாகக் கிண்டல் செய்கிறான். சித் அறைகிறான். முறிவு அவ்வளவுதான். கோள் மூட்ட ஆளே தேவைப்படவில்லை. நம்பிச் சொன்னதே வலியாகத் திரும்பி வந்தது. 'சுப்ரமணியபுரம்' (2008) கதையில் பரமனைக் காட்டிக்கொடுப்பவன் அவன் நண்பன் காசி. எதிரியால் முடியாததை அவன் முடிக்கிறான், ஏனென்றால் பரமன் நம்புவது அவனை.

ஆகவே முதல் வேலை: மாண்டேஜை முழுவதுமாக வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 2 நிமிடக் காட்சி ஒன்றே ஒன்று வையுங்கள். இருவரும் சேர்ந்து செய்யும், கொஞ்சம் கஷ்டமான ஒரு வேலை. குடிபுகும் நாளில் ஒரு பீரோவைக் குறுகலான மாடிப்படியில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கமாக ஏறுவது யார், எந்தத் திருப்பத்தில் நிறுத்த வேண்டும், யாருக்கு முதலில் கை வலிக்கும் என்பதெல்லாம் பேச்சில்லாமலே இருவருக்கும் தெரிகிறது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024) ஆரம்பத்தில் நண்பர்கள் கயிறு இழுக்கும் போட்டியில் நிற்கிறார்கள். குழிக்குள் விழுந்தவனை மீட்கக் கயிற்றை இழுக்கும்போது அந்த முதல் காட்சிதான் கைகொடுக்கிறது.

அடுத்து, ஒரு தாளில் கவிதாவைப் பற்றி ரேவதிக்குத் தெரிந்த 10 விஷயங்களை எழுதுங்கள். ரேவதியைப் பற்றியும் அப்படியே. "நல்லவள், கோபக்காரி" என்று எழுதினால் பயன் இல்லை. "பொய் சொல்லும்போது வாட்சைத் திருகுவாள்" என்பதுபோல, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த 20-இல் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றாடப் பழக்கம் ஒன்று, ரகசியம் ஒன்று, தொட்டால் நோகும் இடம் ஒன்று. ரகசியம் முதல் 6 பக்கத்துக்குள், சிரிப்போடோ சாதாரணமாகவோ வெளியே வந்துவிட வேண்டும். சண்டைக்கு முந்தைய சீனில் கொண்டுபோய் வைத்தால், பார்ப்பவர் "ஓ, இதற்காகத்தான்" என்று பிடித்துவிடுவார். இடையில் 8 நிமிடமாவது போகட்டும், அதை மறக்க விடுங்கள்.

கோள் மூட்டும் ஊழியரை நீக்கிவிடுங்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. இருவரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, உண்மையை மட்டும் 2 நிமிடம் பேசவிடுங்கள். கதை அங்கேயே முடிந்துவிட்டால் உங்களிடம் இருப்பது வெறும் தவறான புரிதல். உண்மை தெரிந்த பிறகும் பிரச்சினை அப்படியே நிற்க வேண்டும். 'தளபதி' (1991) படத்தில் எதிர்ப்பக்கம் நிற்கும் கலெக்டர் தன் தம்பி என்று சூர்யாவுக்குத் தெரியவந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை, கூடத்தான் செய்கிறது. ஏனென்றால் நண்பன் தேவாவின் பக்கமும் விட முடியாதது. உங்கள் கதையில் பதவி உயர்வுக்கு ரேவதியும் விண்ணப்பித்திருந்தாள், அது கவிதாவுக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை என்று வைத்துப் பாருங்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். அதைச் சரிபார்க்க, சண்டைக் காட்சியை ஒருமுறை ரேவதி பக்கமிருந்தும் ஒருமுறை கவிதா பக்கமிருந்தும் எழுதுங்கள். எந்தப் பிரதியில் எதிராளி வில்லியாகத் தெரிகிறாளோ, அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

சண்டை உங்களிடம் 4 பக்கம் ஓடுகிறது. ஒன்றரைப் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். "எத்தனை வருஷ நட்பு, எல்லாத்தையும் மறந்துட்டியா?" என்பது ரேவதி கவிதாவுக்குச் சொல்வதில்லை, பார்வையாளருக்குச் சொல்வது. அவர்கள் இருவருக்கும் தெரிந்ததை அவர்களே விளக்க மாட்டார்கள். நெருங்கியவர்களின் சண்டை பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் தொடங்கும்: மின்கட்டணம், பூட்டாத கதவு. உள்ளே அழுத்திவைத்தது மூன்றாவது, நான்காவது பேச்சில் பீறிடட்டும். திரும்ப எடுக்க முடியாத வாக்கியம் ஒன்றே ஒன்று, அதுவும் அந்த ரகசியத்திலிருந்து வரட்டும். அதைச் சொன்னதும் கேமரா கேட்டவள் முகத்துக்கு ஓட வேண்டாம். சொன்னவள் முகத்தில் 4, 5 விநாடி நிற்கட்டும். தான் என்ன செய்துவிட்டோம் என்று முதலில் உறைப்பது அவளுக்குத்தான்.

மருத்துவமனை முடிவு வேண்டவே வேண்டாம். விபத்து வந்தால் மன்னிக்கும் முடிவை அவர்கள் எடுப்பதில்லை, விபத்து எடுத்துக்கொடுக்கிறது. 'ஃபிரான்சிஸ் ஹா' (2012) படத்தில், கூட்டத்துக்கு நடுவே தனக்கு நெருக்கமான ஒருவரோடு கண்ணால் மட்டும் பேசிக்கொள்ளும் கணத்தைப் பற்றி ஃபிரான்சிஸ் ஒரு விருந்தில் சொல்கிறாள். படம் முடியும் தறுவாயில், கூட்டத்துக்கு நடுவே அவளும் அவள் தோழி சோஃபியும் அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள். மன்னிப்பு வசனம் எதுவும் இல்லை. நீங்கள் தேர்ந்த மூன்றில் மிச்சம் இருக்கும் அந்த அன்றாடப் பழக்கத்தை இங்கே பயன்படுத்துங்கள். முழுச் சமாதானம் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

படப்பிடிப்புக்கு ஒரு குறிப்பு. முன்பாதியை முடிந்தவரை டூ ஷாட்டில், அதாவது இருவரும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி எடுங்கள், முறிவுக்குப் பிறகு தனித்தனி ஃபிரேம். நடிகைகள் இருவரும் செட்டில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இந்தத் திட்டம் எதுவும் பலிக்காது. ஒத்திகையில் வசனத்தைக் கையில் கொடுக்கும் முன், நிஜமான பீரோவை இரண்டு மூன்று முறை அவர்களே ஏற்றட்டும். எங்கே முட்டுகிறது, யார் கத்துகிறார்கள் என்பதைப் பார்த்து அந்த சீனைத் திருத்துங்கள்.

ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில், இப்போதுள்ள 34 பக்கம் 25 நிமிடத்தில் அடங்காது. மாண்டேஜும் கோள் மூட்டும் 3 சீன்களும் போனாலே பாதிச் சுமை குறையும். அடுத்த பிரதி 24 பக்கத்தைத் தாண்டாமல் வரட்டும். அதைப் படிக்க ஏற்கெனவே படித்தவர்களிடம் கொடுக்காதீர்கள், கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். 10-ஆம் பக்கத்தில் நிறுத்தி, "ரேவதிக்குக் கவிதாவைப் பற்றி என்ன தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு விஷயமாவது சொல்ல முடிந்தால் மேலே போகலாம்.